வேலிப் பக்கம்

கிரின்ஸ்டெட், டென்மார்க்
12.1.1986

அன்பின் பவளராணி அக்காவுக்கு,

தம்பி பேனாட் எழுதுவது. நானும் அத்தானும் நல்ல சுகம். உங்களுக்கும் ஒரு குறை வராமல் அந்தோனியார் பார்த்துக்கொள்ளட்டும்.

இங்கே முழங்கால்வரை பனி. ஃபாக்டரிக்குச் சைக்கிளில் போய் வருவதற்குள் மூக்கு கழன்றுவிடும்போல இருக்கிறது. ஆனால் ஒரு நல்ல செய்தி. எனக்குக் கார் கிடைத்திருக்கிறது. நாங்கள் மேல்மாடியில் வாடகைக்கு இருக்கும் வீட்டின் சொந்தக்காரர் ஸ்வென் என்னோடு ஒரே ஃபாக்டரியில் வேலை செய்கிறவர். அவருடைய பின்கொட்டிலில் எட்டு வருடமாக ஓர் அமெரிக்கக் கார் நிற்கிறது. 1969 மொடல், எட்டுச் சிலிண்டர், இரண்டே கதவு. பொனட் மட்டும் ஊரில் நாங்கள் சமைக்கிற குசினி அளவு இருக்கும். கியர் தானாக மாறும் கார். அந்தக் கியர்ப்பெட்டி பழுதாகிவிட்டது. கையால் மாற்றுகிற நாலு கியர்ப்பெட்டி ஒன்றை ஸ்வென் சுவீடனில் ஒரு பழைய கார்க்கடையில் தேடி எடுத்து வைத்திருக்கிறார். அவருக்கு முதுகு வலி, குனிய ஏலாது. “ஓட வைச்சால் நீயே ஓடு” என்கிறார்.

எங்கள் அப்பு தன் கராஜில் வேலை பழக்கியபோது நான் பின்கதவால் ஓடினவன். நின்று பழகினது நீங்கள்தான். முதலில் எதைக் கழற்றுவது என்று எழுதுங்கள்.

அத்தான் உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்.

அன்புத் தம்பி
பேனாட்

*

யாழ்ப்பாணம்
8.2.1986

தம்பி பேனாட்டுக்கு,

நான் சுகம். நீ சுகமா என்று கேட்கவில்லை. பொனட் குசினி அளவு உள்ளவனுக்கு என்ன குறை?

உன் கடிதத்தை மூன்று தரம் வாசித்தேன். கார் இருக்கிறது, ஸ்வெனின் முதுகு இருக்கிறது, பனி இருக்கிறது. என் மனுசன் ஒரே ஒரு வரியில் இருக்கிறார், அதுவும் உன் எழுத்தில். அவர் ஆமியிடம் பிடிபட்டு ஏழு மாதம் தெற்கே முகாமில் கிடந்தார். விட்ட மூன்றாம் நாளே கொழும்பில் தெரிந்தவர்கள் விமானம் ஏற்றிவிட்டார்கள். நான் முகத்தையும் காணவில்லை. ஓகஸ்டில் உன்னிடம் வந்தவர் இன்றைக்கு வரை தன் கையால் ஓர் எழுத்து எழுதவில்லை.

என்னைக் கூப்பிடுகிற படிவம் வந்துவிட்டது, அத்தான் ஒப்பமிட்டால் அனுப்பலாம் என்று நீ எழுதியது நவம்பரில். அந்த ஒப்பம் எங்கே? ஒரு மனுசன் தன் பெயரை எழுத மூன்று மாதமா? கலியாண எழுத்தில் கோவிலில் அரை நிமிடத்தில் எழுதினவர்.

முதலில் கழற்ற வேண்டியது பற்றரி வயர். அதுகூடத் தெரியாதவனுக்கு அமெரிக்கக் கார் கேட்கிறது! படிவத்தை அனுப்பிவிட்டுக் காரைத் தொடு.

அக்கா
பவளராணி

*

கிரின்ஸ்டெட்
2.3.1986

அன்பின் அக்காவுக்கு,

உங்கள் கடிதம் கிடைத்தது. நாங்கள் இருவரும் சுகம். உங்கள் சுகத்துக்கு ஞாயிறு பூசையில் மன்றாடினேன்.

பற்றரி வயரைக் கழற்றிவிட்டேன். காரின் படத்தையும், புதுப் பெட்டியின் அளவை ஸ்வென் கடதாசியில் கீறித் தந்ததையும் இத்தோடு வைக்கிறேன். காரில் இரண்டு பெடல்தான் இருக்கிறது. கிளச் பெடலை எங்கே பொருத்துவது, பழைய பிரேக் பெடலை அப்படியே விடலாமா என்று எழுதுங்கள்.

படிவம் மேசையிலேயே இருக்கிறது, பத்திரமாக. அத்தான் கொஞ்சம் களைப்பு. வருகிற கிழமை பார்ப்போம் என்று இருக்கிறோம். நன்றாகச் சாப்பிடுகிறார். கரண்டியால் சாப்பிடப் பழகிவிட்டார்.

தம்பி
பேனாட்

*

யாழ்ப்பாணம்
27.3.1986

பேனாட்டுக்கு,

பெரிய வியாழன் பூசை முடிந்து வந்து எழுதுகிறேன், அதனால் கெட்ட வார்த்தை எழுதாமல் இருக்கப் பார்க்கிறேன். நான் சுகம். கராஜின் பில் புத்தகம் முடிந்துவிட்டதால் இந்த முறை பள்ளிக்கூடக் கொப்பித் தாள்.

கரண்டியாலா? குழம்பில் ஐந்து விரலும் போய் முழங்கை வரை வழிய விட்டுச் சாப்பிட்ட மனுசன். டென்மார்க் போன உடனே துரையாகிவிட்டாரா? துரைக்குக் கரண்டி பிடிக்க நேரம் இருக்கிறது, பேனை பிடிக்க நேரமில்லை. அவருக்கு இதை அப்படியே வாசித்துக் காட்டு.

களைப்பு என்றால் என்ன களைப்பு? காய்ச்சலா, ஆசுப்பத்திரியா, அல்லது வேறு ஆரும் பொம்பிளையா? எதுவானாலும் எழுது. நான் தாங்குவேன். நீ முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறாய் என்பது ஆயிரம் மைல்களுக்கு அப்பால் தெரிகிறது.

இனிக் கார். தானாகக் கியர் மாறுகிற காரை நான் ஒரே ஒரு தரம்தான் பார்த்திருக்கிறேன். ஒரு வெளிநாட்டு எஞ்சினியரின் கார், அப்பு நாள் முழுக்க அதைச் சுற்றி நடந்துவிட்டுத் தொடாமல் அனுப்பினார். ஆனால் எஞ்சின் எஞ்சின்தான். பழைய பெட்டியை இறக்கினபின் எஞ்சினின் வாலில், கிராங் தண்டின் நடுவில் ஒரு குழி இருக்கும். புதுப் பெட்டியின் மூக்கு அதற்குள் ஒரு சின்னப் பித்தளைப் புஷ்ஷில் இருந்து சுற்ற வேண்டும். தானாக மாறுகிற காருக்கு அது தேவையில்லை, ஆகவே போட்டிருக்க மாட்டார்கள். புஷ் இல்லாமல் ஏற்றினாயோ, நூறு மைல் போகமுதல் எல்லாம் தூள். பழைய பிரேக் பெடல் அகலம், அதைக் கழற்றி எறி. கிளச் தடிக்கு அளவு பின்பக்கத்தில் கீறியிருக்கிறேன்.

ஒப்பம், ஒப்பம், ஒப்பம்.

அக்கா

*

யாழ்ப்பாணம்
22.4.1986

பேனாட்,

சுகம் விசாரிக்க நேரமில்லை, நான் உயிரோடுதான் இருக்கிறேன். போன கடிதத்துக்குப் பதில் வரவில்லை. தபால் கிடந்ததோ, நீ கிடந்தாயோ தெரியாது. லூர்தம்மா ரீச்சரின் மகன் அங்கே ஒடென்சேயில் இருந்து தாய்க்கு என் மனுசனைப் பற்றி எழுதியிருக்கிறான், “ஞானரட்ணம் அண்ணையைக் கோவிலிலும் காணேல்லை, கடையிலும் காணேல்லை” என்று. அந்த மனிசி அதைப் பூசைக்கு வந்த எல்லாருக்கும் முன்னால் என்னிடம் கேட்கிறா. நான் என்ன பதில் சொல்வது? என் தம்பியிடம் கேளுங்கள், அவனுக்குக் காரின் சுகம் மட்டும்தான் தெரியும் என்று சொன்னேன்.

உண்மையை எழுது.

பவளராணி

*

கிரின்ஸ்டெட்
14.5.1986

அன்பின் அக்காவுக்கு,

இரண்டு கடிதமும் ஒரே நாளில் கிடைத்தன. நான் சுகம். இருவரும் சுகம் என்று இந்த முறை எழுத மாட்டேன்.

அத்தான் கட்டிலை விட்டு எழும்புவதில்லை, அக்கா. வந்த நாளில் இருந்து சுவரைப் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். வேறு பொம்பிளை இல்லை, காய்ச்சல் இல்லை. கொமூன் என்கிற நகரசபையில் இருந்து டொக்டர் வந்தார், கேட்ட கேள்விக்கெல்லாம் கண்ணை மூடிக்கொண்டார். உங்களைக் கேட்டதாகச் சொன்னது நான். அவர் சொல்லவில்லை. படிவத்தை முன்னால் வைத்தால் மடித்துத் தலையணைக்குக் கீழே வைத்துவிடுவார். கிழிக்கவில்லை, அதை மட்டும் சொல்ல முடியும்.

நான் ஏன் காரைப் பிடித்துக்கொண்டு நிற்கிறேன் என்று நீங்கள் கேட்டுக் கேட்டுப் பேசுகிறீர்கள். போன மார்கழியில் ஸ்வென் கொட்டில் கதவைத் திறந்து காரைக் காட்டினார். எங்கள் அறை யன்னலுக்கு நேர் கீழேதான் கொட்டில். நான் மேலே வந்து, “அத்தான், கிளச் இல்லாத கார், கியர் தானா மாறுமாம்” என்றேன். அவர் திரும்பிப் படுத்தார். “கிளச் இல்லாத காரோ? அது காரில்லை, தொட்டில்” என்றார். அந்த மாதம் முழுவதும் அவர் பேசியது அவ்வளவுதான். அதற்குப் பிறகும் பேசவில்லை.

எனக்கு வேறு வழி தெரியவில்லை அக்கா. கிளச் வைத்தால் எழும்பிப் பார்க்க மாட்டாரா என்று நினைத்தேன். உங்கள் கடிதங்களை அவருக்கு வாசித்துத்தான் காட்டுகிறேன், கரண்டிக் கதை உட்பட. காரைப் பற்றிய பக்கம் வரும்போது மூச்சு விடுகிற சத்தம் மாறுகிறது.

புஷ் பற்றி நீங்கள் சொன்னது சரி. குழி வெறுமையாகத்தான் இருந்தது. ஸ்வென் வாயைப் பிளந்தார். யாழ்ப்பாணத்தில் இருந்து ஒரு பெண் பார்க்காமலே சொன்னாவா என்று இரண்டு தரம் கேட்டார். புஷ் போட்டாயிற்று. இனித் தரையில் கியர்த் தடிக்கு ஓட்டை வெட்ட வேண்டும். எங்கே என்று எழுதுங்கள்.

தம்பி
பேனாட்

*

யாழ்ப்பாணம்
9.6.1986

அன்புத் தம்பிக்கு,

நான் சுகம். போன மாதம் கராஜ் பூட்டிக்கிடந்தது, இப்போது வேலை நடக்கிறது. அதை விடு.

உனக்கு அடிக்க வேண்டும்போல இருக்கிறது. பத்து மாதம்! பத்து மாதமாக ஒரு மனுசன் சுவரைப் பார்த்துக் கிடக்கிறார், நீ எனக்குப் பனியைப் பற்றி எழுதியிருக்கிறாய். அவர் பேசாவிட்டால் எனக்குச் சொல்ல வேண்டாமா? நான் ஆர், லூர்தம்மாவா? இரண்டு நாள் சாப்பிடவில்லை. மூன்றாம் நாள் சாப்பிட்டேன், பட்டினி கிடந்து உனக்கு என்ன லாபம்.

அடித்து முடித்தபின் தலையைத் தடவவும் வேண்டும்போல இருக்கிறது. கிளச் வைக்க நினைத்தாயே, அந்த மூளை உனக்கு எங்கிருந்து வந்தது?

இனிக் கவனமாகக் கேள். யன்னலைத் திறந்து வைத்துக்கொண்டு, இந்தப் பக்கத்தை அவர் காது கேட்க உரத்து வாசி. ஸ்வென் கீறின படத்தின்படி கியர்த் தடி பெட்டியின் நடுவில் இருந்து வரவில்லை, பக்கத்தில் தொங்குகிறது. ஆகவே ஓட்டை நடு மேட்டில் இல்லை. நடுவில் இருந்து வேலிப் பக்கம் மூன்று அங்குலம் தள்ளி வெட்ட வேண்டும். முதலில் பெட்டியை ஏற்றிப் பார், பிறகு வெட்டு. அவசரப்படாதே. தகரத்தை வெட்டலாம், திருப்பி வளர்க்க ஏலாது.

இஞ்சருங்கோ, இது உங்களுக்கு. அந்தத் தொட்டிலுக்கு இப்போது மூன்று பெடல். பேனாட் கையில் விட்டால் குரங்கு கையில் பூமாலை என்பது உங்களுக்கே தெரியும். எட்டியாவது பாருங்கோ.

அக்கா
பவளராணி

*

கிரின்ஸ்டெட்
6.7.1986

அன்பின் அக்காவுக்கு,

நான் சுகம். அத்தான் என்னோடு கோபம். இதைப்போல ஒரு நல்ல செய்தியை நான் உங்களுக்கு இதுவரை எழுதியதில்லை.

நடந்ததை அப்படியே எழுதுகிறேன், எனக்கு வெட்கமாகத்தான் இருக்கிறது. நீங்கள் சொன்னபடி யன்னலைத் திறந்து உரத்து வாசித்தேன். அவர் அசையவில்லை. எனக்குச் சலிப்பு வந்தது. அடுத்த நாள் சனிக்கிழமை. பெட்டியை ஏற்ற இரண்டு பேர் வேண்டும், ஸ்வெனின் முதுகு அன்றைக்கு மோசம். பெட்டி மேசையில் கவிழ்ந்து கிடந்தது. ஓட்டையையாவது வெட்டி வைப்போம் என்று வெட்டுகிற மெஷினை எடுத்தேன். வேலிப் பக்கம் எது என்று யோசித்தேன், கராஜில் அது தெருவோர வேலி வருகிற பக்கம். இங்கே வலப்பக்கமாகத்தானே ஓடுகிறோம், ஸ்வெனின் பூஞ்செடி வேலியும் கார் போகிற பாதைக்கு வலப்பக்கம்தான். ஆகவே வலப்பக்கம் என்று முடிவெடுத்து, நாலு அங்குலச் சதுரமாக, மிக நேராக வெட்டினேன்.

கடைசித் தகடு கீழே விழுந்த சத்தம் அடங்கவில்லை, படியில் தடதடவென்று ஒரு சத்தம். அத்தான் காலில் வெறும் சொக்ஸோடு சரளைக் கல்லில் ஓடி வந்தார்.

“டேய் விசரா! பவளம் வேலிப் பக்கம் எண்டால் இடப்பக்கமடா! அவள் நிக்கிறது யாழ்ப்பாணத்திலயடா, உன்ர டென்மார்க்கிலயோ?”

நான் மெஷினை நிறுத்தினேன்.

“பெட்டியை ஏத்திப்போட்டு வெட்டு எண்டு அவள் எழுதினதை நீதானே நேற்று வாசிச்சனி! வாசிக்கிறது ஒண்டு, செய்யிறது ஒண்டோ? நாசமறுப்பானே, நல்ல காரை ஓட்டைப் பானையாக்கிப்போட்டியே!”

அக்கா, அப்பு கராஜில் நாங்கள் ஏச்சு வாங்கினது எல்லாம் இதற்குப் பக்கத்தில் வராது. ஸ்வென் கோப்பிக் கோப்பையோடு வெளியே வந்து, யார் இது என்று கேட்டார். பதினொரு மாதம் அவர் வீட்டில் இருந்த மனுசனின் குரலை அன்றைக்குத்தான் கேட்கிறார். நான் ஏச்சு வாங்கிக்கொண்டே அழுதேன். அவர் அதற்கும் ஏசினார். பிறகு என் கையில் இருந்த மெஷினைப் பறித்தார்.

இடது கையால் பறித்தார்.

இனி மறைக்க மாட்டேன். வந்த முதல் நாள் ஸ்டேசனிலேயே, “இதை அவளுக்கு எழுதாதை” என்று என்னிடம் சத்தியம் வாங்கினார். நான் காத்த ஒரே சத்தியம் அது, இன்றைக்கு உடைக்கிறேன். முகாமில் வலக்கை விரல்களை உடைத்துவிட்டார்கள். மூன்று விரல் கோணலாகப் பொருந்திவிட்டன, மடங்குவதில்லை. அதுதான் கரண்டி. அதுதான் ஒப்பம் இல்லை. கைநாட்டு வைக்கலாம் என்று நான் ஒரு தரம் சொன்னேன். அன்றைக்குத்தான் படிவத்தைத் தலையணைக்குக் கீழே வைத்தார்.

இப்போது ஒவ்வொரு நாளும் கொட்டிலில் நிற்கிறார். பெட்டியை ஏற்றிவிட்டோம். கையைப் பற்றி நீங்கள் அறிந்துவிட்டீர்கள் என்று இன்னும் சொல்லவில்லை. உங்கள் கடிதம்தான் சொல்ல வேண்டும்.

தம்பி
பேனாட்

*

யாழ்ப்பாணம்
3.8.1986

இஞ்சருங்கோ,

இந்த முறை பேனாட்டுக்கு எழுதவில்லை. இதை அவன் வாசிக்கவும் வேண்டாம், உங்கள் கண்ணால் நீங்களே வாசியுங்கோ. கண் பழுதில்லைத்தானே? கண்ணும் பழுது என்றால் இப்போதே சொல்லிவிடுங்கோ, ஒவ்வொன்றாக அறிந்து அறிந்து சாக எனக்கு ஏலாது.

சுகம் கேட்க வேண்டும், முறை. சுகமா? கை நோகிறதா? குளிருக்குக் குத்துகிறதா? அதில் என்ன பூசுகிறீர்கள்?

கேட்டுவிட்டேன். இனி என் கோபத்தைக் கேளுங்கோ. ஒரு கையை என்னிடம் மறைப்பீர்களா? நான் உங்கள் கையெழுத்தையா கலியாணம் முடித்தேன்? நீங்கள் எழுதாத ஒவ்வொரு நாளும் நான் உங்களைச் சாகடித்துச் சாகடித்துப் பிழைக்க வைத்தேன். கரண்டி என்றதும் துரை என்று எழுதினேன். அதை உங்களுக்கு உரத்து வாசித்தான், நீங்கள் கேட்டுக்கொண்டு கிடந்தீர்கள். என் வாயில் நானே போட்டுக்கொள்ள வேண்டும். அந்தப் பாவத்தை என் தலையில் ஏற்றியதும் நீங்கள்தான்.

நானும் ஒன்று மறைத்தேன், சொல்லிவிடுகிறேன், கணக்குச் சரியாகட்டும். கராஜுக்குக் கூரை இல்லை. சித்திரையில் ஆமி அடித்த செல் விழுந்தது. நான் அப்போது கோவிலில். லொறிப் படங்கு கட்டி வேலை செய்கிறேன். பில் புத்தகம் முடிந்துவிட்டது என்று எழுதியது பொய், அதற்கு முந்தின மாதமே பின்சுவர் போய் மழையில் நனைந்துவிட்டது. கேட்டால் நீங்கள் என்ன செய்திருப்பீர்கள், இன்னும் கொஞ்சம் சுவர்ப் பக்கம் திரும்பியிருப்பீர்கள். அதனால்தான் எழுதவில்லை. உங்களுக்கும் அதே நினைப்புத்தான் இருந்திருக்கும், விளங்குகிறது. விளங்கினாலும் கோபம் போகவில்லை.

கைநாட்டு வைக்க மனமில்லை என்றால் வைக்க வேண்டாம். எழுதுங்கோ. எழுத்து கோணினால் டென்மார்க் இடிந்து விழாது. பேனையை விரலால் பிடிக்க ஏலாவிட்டால் கியர்த் தடியைப் பிடிப்பதுபோல உள்ளங்கையில் வைத்து அமத்துங்கோ. எனக்குக் கடிதம் வேண்டாம். ஒரு சொல் போதும், அது உங்கள் கையால்.

பேனாட்டுக்குப் போட்ட ஏச்சில் பாதியை எனக்கு அனுப்பியிருந்தால் நான் இந்த ஒரு வருடத்தைச் சிரித்துக்கொண்டு கழித்திருப்பேன்.

உங்கள்
பவளம்

*

கிரின்ஸ்டெட்
14.9.1986

பவளம்,

நான் இருக்கிறேன். நீ சுகமா.

காலையில் எழுதத் தொடங்கினேன். இப்போது மத்தியானம்.

படிவத்தில் ஒப்பமிட்டேன். படிவம் வாங்குகிற கந்தோரில் இருந்த பிள்ளை இது என்ன எழுத்து என்று கேட்டது. தமிழ் என்றான் பேனாட். பார்த்தால் எனக்கே தமிழ் மாதிரித் தெரியவில்லை. ஆனாலும் எடுத்துக்கொண்டார்கள். மாசியில் வரலாம் என்கிறார்கள்.

பேனையை விடக் கியர்த் தடி சுகம். இங்கே கியர் வலக்கைப் பக்கம். உள்ளங்கையால் தள்ளினால் போகிறது. இரண்டில் இருந்து மூன்றுக்கு மட்டும் கொஞ்சம் சண்டை.

புஷ் சரி. கிளச் தடிக்கு நீ தந்த அளவு கால் அங்குலம் பிழை. வந்ததும் காட்டுகிறேன்.

படங்கின் கீழ் மழையில் வேலை செய்யாதே.

பேனாட் வெட்டின ஓட்டைக்குத் தகடு வைத்து ஒட்டிவிட்டேன். அது நீ இருந்து வரப்போகிற பக்கம். காலுக்குக் குளிர் அடிக்காது.

ஞானரட்ணம்